வாயை மட்டும் அசைக்கச் சொல்லாதீர்கள்!

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளி ஆண்டு விழாவில் பாடுவதற்காகப் பதினைந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட்டுப் பழக்கினார்கள். மூன்றாம் நாள் ஆசிரியர் ஒவ்வொருவர் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். "நீ பாட வேண்டாம். வரிசையில் நின்று வாயை மட்டும் அசை" என்றார்.

விழாவன்று அம்மா வேலைக்குப் போகாமல், இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வாயை அசைத்தேன். வீடு திரும்பும் வழியில் அம்மா, "அத்தனை பேர் பாடினாலும் உன் குரல்தான் எனக்குத் தனியாகக் கேட்டது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் நான் பாடவேயில்லை.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். "இவனுக்குக் கழுதைக் குரல்", "இவளுக்குச் சங்கீதம் வராது" என்று விளையாட்டாகச் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒரு சொல்லே பிள்ளையின் வாயை ஆயுள் முழுக்க மூடிவிடும். சுருதி சேர்ந்து பாடுவது பிறவி வரம் என்று பலர் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பழக்கம்தான். பேசக் கற்றதைப் போலவே பிள்ளை அதையும் கேட்டுக் கேட்டுத்தான் கற்கிறது. கற்றுக்கொடுக்கப் பணம் வேண்டாம், வாத்தியக் கருவி வேண்டாம். ஒரு கதையும் நாலு விளையாட்டும் போதும்.

உரத்த குரலும் உயர்ந்த குரலும்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். சத்தம் வேறு, சுருதி வேறு. கதவை ஓங்கி அடித்தால் சத்தம் பெரிது. கொசு காதருகே ரீங்காரமிட்டால் சத்தம் சிறிது, ஆனால் சுருதி மிக மேலே. ஒரு பொருள் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறதோ அதைப் பொறுத்ததுதான் சுருதி. அதிர்வு கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும்.

"மேலே பாடு" என்று சின்னப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், கத்தும். "கீழே பாடு" என்றால் முணுமுணுக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நம் தமிழிசையிலேயே கீழ், நடு, மேல் என்ற மூன்று நிலைகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்றுதான் பெயர். மெலிவு என்றதும் மெதுவாகவும் வலிவு என்றதும் பலமாகவும் பாடத் தோன்றுவது பிள்ளைக்கு இயற்கைதானே? ஆகவே சொல்லி விளக்குவதை விட்டுவிட்டு, ஏறுவதையும் இறங்குவதையும் உடம்பால் காட்ட வேண்டும். கதையும் விளையாட்டும் அதற்குத்தான்.

பிள்ளைக்குச் சுருதி ஏன் சேர்வதில்லை?

காரணங்கள் பல, அநேகமாக எல்லாமே எளியவை.

பிள்ளை முதலில் பாட்டின் சொல்லைப் பிடிக்கிறது. பிறகு தாளம் வருகிறது. ராகம் ஏறுகிற, இறங்குகிற போக்கு அதற்கும் பிறகு. சரியான சுரத்தில் போய் நிற்பது கடைசியில்தான் வரும். மூன்று வயதில் சொல் மட்டும் வந்து ராகம் வராமல் இருந்தால் அது குறையன்று. பாதி வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, நாம் பாடுகிற உயரம் அதற்குச் சரிப்படாமல் போகலாம். ஆண்களின் குரல் பிள்ளையின் குரலைவிட ஏறத்தாழ ஒரு தாயி கீழே இருக்கும். அப்பா அடித்தொண்டையில் பாடிக் காட்டினால், பிள்ளை எந்தப் படியைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறும். அதனால் அப்பாமார் குரலைச் சற்று மேலே ஏற்றி, மென்மையாகப் பாட வேண்டும். அம்மாமாரும் தூக்கக் கலக்கத்தில் முனகுவது போலப் பாடாமல், பேசும் குரலைவிடக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது காது. சின்ன வயதில் அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டிக்கொண்டால் கேள்வி மந்தமாகும். பின்னாலிருந்து கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லையா? காதில் சீழ் வடிகிறதா? எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். கிளினிக்கில் காட்டுங்கள். பாட்டுக்கு மட்டுமன்று, படிப்புக்கும் அது முக்கியம்.

பிறவியிலேயே சுருதி வேற்றுமை தெரியாதவர்களும் உண்டு. ஆனால் நூறு பேரில் ஒருவர் இருவர் என்கிற அளவில்தான். உங்கள் பிள்ளை அந்த ஒருவர் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடலாமா?

முன்னோர் செய்த வழி

இந்தக் கவலை புதிதன்று. இத்தாலியில் 11ஆம் நூற்றாண்டில் குயிதோ என்ற துறவி இருந்தார். பாடகர் குழுவில் இருந்த சிறுவர்களுக்குப் பாட்டுகள் மனத்தில் நிற்க ஆண்டுக் கணக்காவதைக் கண்டார். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும் ஒரு துதிப்பாட்டை எடுத்துக்கொண்டார். அந்த அடிகளின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார். இன்று உலகமெங்கும் சொல்லும் 'டோ, ரே, மி' அப்படிப் பிறந்ததுதான்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் சாரா குளோவர் என்ற ஆசிரியை ஏழைப் பிள்ளைகளும் எளிதாகப் பாடும்படி ஒரு முறையை வகுத்தார். இசைப் பயிற்சி பெறாத ஜான் கர்வென் என்ற பாதிரியார் அதைத் தாமும் கற்று, திருத்தி, எங்கும் பரப்பினார். பின்னாளில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை அடையாளத்தையும் சேர்த்தார். கண்ணுக்குத் தெரியாத சுரத்தைக் கையால் காட்டுகிற வழி அது.

ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்தான் கோடாய் (1882–1967) இன்னும் ஒரு படி போனார். 1905 முதல் அவரும் அவர் நண்பர் பேலா பார்டோக்கும் ஊர் ஊராகச் சென்று குடியானவர்களின் பாட்டுகளைத் திரட்டினார்கள். வயலிலும் வீட்டு முற்றத்திலும் பாடிய அந்தப் பாட்டுகளே பிள்ளைகளுக்கு முதல் பாடமாக வேண்டும் என்றார் கோடாய். தாய்மொழி போல இசைக்கும் ஒரு தாய்மொழி உண்டு என்பது அவர் கொள்கை. 1950இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில், பாட்டையும் அன்றாடப் பாடமாக வைத்த முதல் தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது. அவருடைய முறையைப் போற்றத்தக்க ஒன்றென 2016இல் யுனெஸ்கோ தன் பதிவேட்டில் சேர்த்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிமார் லயத்து வாசலில் பாடிய தாலாட்டும், பொங்கலுக்குக் கொட்டிய கும்மியும் தாழ்ந்த சரக்கா? அவைதாம் நம் பிள்ளைகளுக்கு முதல் சங்கீதப் பாடம்.

நமக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1484 முதல் 1564 வரை வாழ்ந்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாகப் பாடங்களை வகுத்தவர் அவரே என்பது கர்நாடக இசை மரபு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் பழந்தமிழில் பெயர்கள் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பறவையையோ விலங்கையோ சொல்லி வைத்த மரபும் உண்டு. ச என்றால் மயில். ரி என்றால் எருது. க ஆடு, ம நாரை, ப குயில், த குதிரை, நி யானை. அந்தந்த விலங்கு அந்தந்தச் சுரத்தில்தான் கத்தும் என்று பொருள் கொள்ள வேண்டாம். மனத்தில் பதிவதற்கு ஏற்பட்ட அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஏழு பேரையும் வைத்து நான் என் மகளுக்குச் சொன்ன கதையைச் சொல்கிறேன்.

மயில்குஞ்சு மலையேறிய கதை

பத்துமலைக்கு உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போயிருப்பீர்கள். அங்கே 272 படிகள். அத்தனையையும் கதையில் ஏற முடியுமா? நம் கதையில் எட்டே படிகள்.

முதல் படியில் ஒரு மயில்குஞ்சு. அதன் அம்மா எட்டாம் படியில், மலை உச்சியில் நிற்கிறது. குஞ்சு "ச" என்று கூப்பிடுகிறது. பதில் இல்லை. அம்மாவைத் தேடி ஏறுகிறது. இரண்டாம் படியில் எருது மாமா, "ரி" என்கிறார். மூன்றாம் படியில் ஆட்டுக்குட்டி, "க" என்கிறது. நாலாம் படியில் நாரை ஒற்றைக் காலில் நின்று தூங்குகிறது. "உஷ், எழுப்பாதே!" தாண்டிவிடு. ஐந்தாம் படியில் குயிலக்கா, "ப" என்று கூவுகிறாள். ஆறாம் படியில் குதிரை, "த" என்கிறது. ஏழாம் படியில் யானைத் தாத்தா குறட்டை விடுகிறார். அவரையும் தாண்டிவிடு. எட்டாம் படியில் அம்மா மயில்! அம்மாவும் "ச" என்றுதான் அகவுகிறது. குஞ்சின் குரலேதான், ஆனால் மேலே.

தாயும் குஞ்சும் ஒரே குரல். ஒன்று கீழே, ஒன்று மேலே. ஒரு தாயி என்பது இதுதான். கீழ் 'ச' வினாடிக்கு 250 தடவை அதிர்ந்தால் மேல் 'ச' சரியாக அதன் இரு மடங்கு, 500 தடவை அதிரும். இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். "அம்மா குரலும் குஞ்சு குரலும் ஒட்டிக்கொண்டன பார்" என்றால் போதும்.

நாரையையும் யானையையும் ஏன் தூங்க வைத்தேன் தெரியுமா? ம, நி இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது ச, ரி, க, ப, த. அதுதான் மோகன ராகம். இதில் அடுத்தடுத்த சுரங்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி இருப்பதால் பிள்ளை தடுமாறாது. கோடாயும் பிள்ளைகளுக்கு இத்தகைய ஐந்து சுரப் பாட்டுகளையே முதலில் கொடுத்தார். சீனர் இசையிலும் இந்த ஐந்து சுரங்கள் பெருவழக்கு. பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் சேர்ந்தே ஏறக்கூடிய படிக்கட்டு இது. நாரையையும் யானையையும் ஓராண்டு கழித்து எழுப்பிக்கொள்ளலாம்.

கதையில் எல்லாப் படியையும் பிள்ளையே ஏற வேண்டும் என்பதில்லை. நாலு வயதுப் பிள்ளையின் குரலுக்கு உச்சிப் படி எட்டாமல் போகலாம். அம்மா மயிலின் குரலை அம்மாவே கொடுங்கள்.

ஐந்து விளையாட்டுகள்

முதலாவது, பட்டம். பிள்ளை விரலால் ஆகாயத்தில் பட்டம் விடட்டும். பட்டம் மேலே போகப் போக "ஊ" என்ற குரலும் மேலே போக வேண்டும். காற்று விழுந்தால் குரலும் வழுக்கிக் கீழே இறங்க வேண்டும். சுரம் எதுவும் வேண்டாம். குரல் ஏறும், இறங்கும் என்பது பிள்ளைக்குத் தெரிந்தால் போதும். ஒரே சுரத்தில் பேசுவது போலப் பாடுகிற பிள்ளைக்கு இதைப் போல் மருந்து வேறில்லை.

இரண்டாவது, கூப்பிடு விளையாட்டு. பொழுது சாய்ந்ததும் வெளியே விளையாடும் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? "கண்-ணா!" என்று முதல் அசையை மேலே தூக்கி அடுத்ததைக் கீழே இறக்குவீர்கள். பெரும்பாலும் அது 'ப' விலிருந்து 'க' வுக்கு இறங்குகிற இறக்கமாகவே இருக்கும். கோடாய் முறையில் முதற்பாடமே இந்த இரண்டு சுரம்தான். "எங்-கே?" என்று நீங்கள் பாடுங்கள். "இங்-கே!" என்று அதே இரண்டு சுரத்தில் பிள்ளை பாடி வெளியே வரட்டும். கண்ணாமூச்சியோடு சேர்த்து ஆடினால் பிள்ளைக்குப் பாடம் என்றே தெரியாது.

மூன்றாவது, உடம்பே படிக்கட்டு. பாதத்தைத் தொட்டு ச. முழங்காலைத் தொட்டு ரி. இடுப்பில் க. தோளில் ப. தலையில் த. இரண்டு கையையும் உயரத் தூக்கி மேல் ச. முதலில் நீங்கள் தொட்டுப் பாடுங்கள், பிள்ளை பின்பற்றட்டும். பிறகு பாடாமல் தொட்டு மட்டும் காட்டுங்கள், பிள்ளை பாடட்டும். பிறகு நீங்கள் பாடுங்கள், பிள்ளை சரியான இடத்தைத் தொடட்டும். கர்வென் கையால் செய்ததை நாம் முழு உடம்பாலும் செய்கிறோம்.

நாலாவது, மங்கு வாத்தியம். பால் மரத்தில் கட்டுகிற பழைய பீங்கான் மங்குகள் நாலைந்து கிடைத்தால் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண்ணாடித் தம்ளர்கள் போதும். வெவ்வேறு அளவில் தண்ணீர் ஊற்றி மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். தண்ணீர் கூடினால் ஒலி இறங்கும், குறைந்தால் ஏறும். கச்சேரிகளில் வாசிக்கும் ஜலதரங்கம் இதே வேலைதான். "குயிலக்கா எந்த மங்கில் இருக்கிறாள்?" என்று கேளுங்கள். பிள்ளை தட்டிப் பார்த்துத் தேடும். தண்ணீரைக் கூட்டிக் குறைத்துச் சுரத்தைச் சேர்க்கத் தெரிந்துவிட்டால், காது விழித்துக்கொண்டது என்று பொருள்.

ஐந்தாவது, ஒளிந்த பாட்டு. தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டே வாருங்கள். நீங்கள் கையை மூடியதும் எல்லாரும் குரலை நிறுத்த வேண்டும். பாட்டு மனத்துக்குள் ஓட வேண்டும். கையைத் திறந்ததும் பாட்டு எங்கே வந்திருக்குமோ அங்கிருந்து தொடர வேண்டும். வெளியில் கேட்காத சுரத்தை உள்ளே கேட்கிற பயிற்சி இது. உள்ளே கேட்டால்தான் வாயிலே வரும்.

இன்னொரு ஆசிரியரும் உண்டு. நம் நாட்டில் தோட்டத்திலும் பட்டணத்து மரங்களிலும் கூவுகிற குயில். விடிகாலையில் கேளுங்கள். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிடச் சற்று மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் சட்டென்று நிறுத்தும். மறுபடி கீழிருந்து தொடங்கும். பிள்ளையைப் பதிலுக்குக் கூவச் சொல்லுங்கள்.

தப்பாகப் பாடினால் என்ன செய்வது?

நீங்கள் பாடியது ஒரு சுரம், பிள்ளை பாடியது வேறு சுரம் என்று வைத்துக்கொள்வோம். "தப்பு" என்று சொல்லாதீர்கள். பிள்ளை நிற்கிற சுரத்துக்கு நீங்கள் போங்கள். அதன் குரலோடு உங்கள் குரலை ஒட்ட வையுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது உண்டாகிற சுகத்தைப் பிள்ளை முதன்முதலாக உணரும். அதன்பிறகு கையைப் பிடித்து நடத்துவது போல அடுத்த படிக்கு மெல்லக் கூட்டிப் போங்கள்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். வேலைக்காட்டிலிருந்து வந்த களைப்பில் அதுவும் முடியாதென்றால், குளிக்க ஊற்றும்போதும் தலை வாரும்போதும் பாடுங்கள். அம்மா வேலையில் இருந்தால் பாட்டி பாடலாம், அக்காள் பாடலாம். கத்திப் பாட விடாதீர்கள், தொண்டை கெடும். கைத்தொலைபேசியில் தம்புரா ஒலி கிடைக்கிறது; பின்னணிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொலைபேசியையே ஆசிரியராக்கிவிடாதீர்கள். பிள்ளை பாடுவதைக் கேட்டு, அதன் சுருதிக்கு இறங்கி வர அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

"எனக்கே பாட வராதே!" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் பிறந்து நாலாம் மாதம், ஒரு ராத்திரி எதற்கும் அழுகை நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் இருட்டில் வாயைத் திறந்தேன். இருபது ஆண்டு பூட்டிக் கிடந்த குரல் கரகரத்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி என் முகத்தையே பார்த்தது. அன்றிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறேன். அவளோடு பாடிப் பாடி என் சுருதியும் ஒழுங்காயிற்று.

அம்மா இருந்த கடைசி ஆண்டில் ஒரு நாள், ஆண்டு விழா உண்மையை அவரிடம் சொன்னேன். "நான் அன்றைக்குப் பாடவேயில்லை அம்மா. வாயைத்தான் அசைத்தேன்."

அம்மா சிரிக்கவில்லை. "தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளையின் குரல் தெரியாதா? உன் முகம் வாடியிருந்தது. அதனால்தான் கேட்டது என்று சொன்னேன்" என்றார்.

இன்று மாலை உங்கள் பிள்ளையைக் கூப்பிடும்போது அந்த இரண்டு சுரத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் எந்தச் சுருதியில் வந்தாலும் சரி, வரட்டும்.